பதினாறாம் வாய்ப்பாடு

உறவின்போது மனசுக்குள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிப் பார், நேரம் நீளும் என்று சொல்லித்தராத நண்பர் வட்டம் அபூர்வம். வாய்ப்பாடு மறந்துபோனவர்களுக்கு வீட்டுக் கடன் தவணையை நினைக்கச் சொல்வார்கள். பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, உடம்பை இறுக்கிக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. எப்படியும் சீக்கிரம் முடிந்துவிடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் அவசர அவசரமாக ஆரம்பித்துவிடும் கணவர்கள் ஒரு பக்கம். தலைவலி, நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்கணும் என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம். விந்து முந்துதல் என்ற தொல்லைக்கு ஆண்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கும் கைவைத்தியங்கள் இவை. பாலியல் மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் பயிற்சிகளை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் நேர் எதிர்த் திசையில் போவது தெரியும்.

பயிற்சிக்குள் போகும் முன் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம். பாதிப் பயம் அங்கேதான் இருக்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மார்செல் வால்டிங்கரும் அவருடைய சகாக்களும் ஐந்து நாடுகளில் (நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா) 500 ஜோடிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்தார்கள். படுக்கையறையில் ஸ்டாப்வாட்ச் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் ஜோடிகள் சில வாரங்கள் அளந்து எழுதிக் கொடுத்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. உறுப்பு உள்ளே சென்றதிலிருந்து விந்து வெளியேறும் வரை ஆன நேரத்தின் நடுமதிப்பு 5.4 நிமிடம். அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு. துருக்கியில் 3.7 நிமிடம்தான். மிகக் குறைந்தது அரை நிமிடத்துக்குச் சற்று மேல், மிக அதிகம் 44 நிமிடம். 1.3 நிமிடத்துக்குள் முடிந்தவர்கள் நூற்றுக்கு 2.5 பேர் மட்டுமே.

இதோடு இன்னொரு எண்ணை ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1992இல் நடந்து 1999இல் வெளியான பெரிய தேசியக் கணக்கெடுப்பில், எனக்குச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று சொன்ன ஆண்கள் ஏறத்தாழ 30 சதவீதம். கடிகாரம் காட்டுவது மிகச் சிலரை. புகார் சொல்வதோ மூன்றில் ஒருவர். நடுவில் நிற்கும் பெருங்கூட்டத்துக்கு உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்ற கணக்கில்தான் கோளாறு. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நண்பர்களின் பீற்றலும், வெட்டி ஒட்டிய ஆபாசப் படங்களும், 'அரை மணி நேரம் உத்தரவாதம்' என்று சுவரில் எழுதும் வைத்தியர்களும் போதும். 1948இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி தன் புகழ்பெற்ற புத்தகத்தில், முக்கால்வாசி ஆண்கள் இரண்டு நிமிடத்துக்குள் உச்சமடைகிறார்கள் என்று எழுதினார். அதை அவர் நோயாகப் பார்க்கவே இல்லை. பெண்ணின் தரப்பு அவர் கணக்கில் சரியாக ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

சர்வதேசப் பாலியல் மருத்துவச் சங்கம் 2014இல் திருத்தி வெளியிட்ட வரையறை மூன்று விஷயங்களை ஒன்றாகக் கேட்கிறது. முதல் உறவிலிருந்தே எப்போதும் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் முடிவது, அல்லது முன்பு சரியாக இருந்து பிறகு மூன்று நிமிடத்துக்குள் சுருங்கிப்போவது, தள்ளிப்போட முடியாமை, அதனால் வரும் வேதனை. மூன்றும் இருந்தால்தான் நோய். இரண்டு நிமிடத்தில் முடிந்து இருவரும் சிரித்துக்கொண்டு தூங்கிப்போனால் அங்கே மருத்துவருக்கு வேலை இல்லை.

இந்த இரண்டு வகையைப் பிரித்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம். ஆரம்பத்திலிருந்தே இருப்பவர்களிடம் உடலமைப்பின் பங்கு கணிசமானது. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வு, இந்த வேறுபாட்டில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பரம்பரையால் வருவது என்று மதிப்பிட்டது. இடையில் வந்தவர்களிடம் வேறு காரணம் ஒளிந்திருக்கலாம். தைராய்டு மிகையாகச் சுரக்கும் ஆண்களை இத்தாலியில் ஆராய்ந்தபோது பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை இருந்தது. தைராய்டைச் சரிசெய்ததும் அது 15 சதவீதமாகக் குறைந்தது. புரோஸ்டேட் அழற்சி இன்னொரு காரணம். விறைப்பு நடுவில் போய்விடுமோ என்ற பயத்தில் அவசரப்படுபவர்களும் உண்டு; அவர்களுக்கு முதலில் சரிசெய்ய வேண்டியது விறைப்பை. ஐம்பது வயதில் புதிதாக இந்தப் பிரச்சினை வந்தவர் யோகா வகுப்பில் சேரும் முன் ரத்தப் பரிசோதனைக்குப் போவது நல்லது.

நடத்தை சார்ந்த காரணங்களில் பல காலம் கோலோச்சிய கோட்பாடு ஒன்று உண்டு. வாலிபத்தில் யாராவது வந்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து அவசரமாக முடித்தவர்களுக்கு அந்த அவசரமே உடம்பில் பழகிவிடுகிறது என்பது அது. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் இதை நம்பினார்கள். கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். குளியலறைக் கதவை யாராவது தட்டிவிடுவார்கள் என்று பயந்து வளர்ந்த நம் ஊர்ப் பையன்களுக்கு இன்னும் நியாயமாகத் தோன்றும். ஆனால் அப்படி வளர்ந்த பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. கோட்பாட்டுக்கு உறுதியான சான்று கிடைக்கவும் இல்லை. சுய இன்பம்தான் காரணம், அதனால் நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்துவதற்கோ எந்த ஆதாரமும் கிடையாது.

சந்தேகமில்லாமல் பாதிக்கும் விஷயம் இடைவெளி. துபாயிலோ தோஹாவிலோ இரண்டு வருடம் உழைத்துவிட்டு ஒரு மாத விடுப்பில் வருகிறவரை நினைத்துப் பாருங்கள். கூட்டுக்குடும்பம், மெல்லிய சுவர், வாசலில் விருந்தாளிகள், கையில் முப்பதே நாள். முதல் சில இரவுகள் நொடிகளில் முடிந்துபோவது உடம்பின் இயல்பு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு பலருக்கும் அப்படித்தான். பிரச்சினை அதற்கடுத்த இரவில் தொடங்குகிறது. இன்றைக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று தன்னையே மேலிருந்து கண்காணிக்கத் தொடங்குகிறார். மாஸ்டர்ஸும் ஜான்சனும் இதைப் பார்வையாளனாக நிற்கும் நிலை என்றார்கள். பதற்றம் ஏறும்போது முடுக்கப்படும் தானியங்கி நரம்பு மண்டலத்தின் அதே பிரிவுதான் விந்து வெளியேற்றத்தின் முதல் கட்டத்தையும் நடத்துகிறது. தேர்வு எழுதப் போகிறவனுக்குச் சிறுநீர் முட்டுவதுபோல என்று எழுத ஆசைதான். உடற்கூறு அப்படியே பொருந்தாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதல் கட்டம் என்றேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். விந்து வெளியேற்றம் இரண்டு படியாக நடக்கிறது. முதல் படியில் விந்துப்பைகளும் புரோஸ்டேட்டும் சுருங்கித் திரவத்தைச் சிறுநீர்க்குழாயின் பின்பகுதியில் கொண்டுவந்து சேர்க்கின்றன. சிறுநீர்ப்பையின் வாய் மூடிக்கொள்கிறது. இரண்டாம் படியில் இடுப்படித் தசைகள் தாளகதியில் சுருங்கி வெளியே தள்ளுகின்றன. முதல் படி தொடங்கிவிட்டால் இரண்டாவதை நிறுத்த எந்த மன உறுதியாலும் முடியாது. இந்தச் சங்கிலியை இயக்கும் நரம்பணுக்கள் முதுகுத் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியில் இருக்கின்றன. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண் எலிகளில் அந்த அணுக்களை மட்டும் அழித்தார்கள். எலிகள் வழக்கம்போலப் புணர்ந்தன, விந்து மட்டும் வரவில்லை. மூளை அந்தத் தண்டுவட மையத்தின் மீது கை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தில் செரட்டோனினுக்குப் பெரிய பங்கு உண்டு. மனச்சோர்வு மருந்துகள் சில விந்து வருவதைத் தாமதப்படுத்துவது இதனால்தான்.

ஆக, கட்டுப்பாடு என்று ஒன்று இருந்தால் அது முதல் படிக்கு முன்னால்தான் இருக்க முடியும். அடுப்பில் வைத்த பாலைப் போல: விளிம்பு நுரைக்கும்போதே தீயைக் குறைக்க வேண்டும். பொங்கி வழிந்த பிறகு ஊதிப் பயனில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு சொல்பவன் பாலைப் பார்க்காமல் நிற்கிறான்.

இதை மருத்துவமாக மாற்றியவர் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற சிறுநீரகவியல் நிபுணர். அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1956இல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அதுவரை மனப்பகுப்பாய்வுக்காரர்கள் இதை ஆழ்மனத்தில் பெண்ணின் மீதுள்ள பகை என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் சோபாவில் படுத்துப் பேசுவதுதான் வைத்தியம். செமன்ஸ் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எளிமையாக ஒன்று சொன்னார்: தூண்டுங்கள், வரப்போகிறது என்ற உணர்வு வரும்போது நிறுத்துங்கள், அது அடங்கட்டும், மறுபடி தூண்டுங்கள்.

இன்று அந்தப் பயிற்சியைக் கற்றுத்தருபவர்கள் முதலில் தனியாகவே ஆரம்பிக்கச் சொல்வார்கள். வழுக்கும் பொருள் எதுவும் இல்லாமல், வெறும் கையால். கிளர்ச்சியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மனசுக்குள் எண்ணிட்டுக்கொள்ள வேண்டும். பத்து என்றால் உச்சம். ஒன்பது தாண்டினால் திரும்பி வர முடியாது. ஏழை நெருங்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ காத்திருந்தால் நான்குக்கு இறங்கும். விறைப்பு கொஞ்சம் தளரலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. மறுபடி. மூன்று முறை நிறுத்திவிட்டு நான்காவது முறை வெளியேற விடலாம். முதல் வாரத்தில் ஏழு என்று நினைத்தது ஒன்பதாக இருந்துவிடும். பலருக்கு நடுவில் உள்ள எண்களே தெரியாது, மூன்றிலிருந்து நேராகப் பத்துக்குத் தாவுவதுபோல இருக்கும். அந்த நடு எண்களைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சியின் முழு நோக்கம். ஹெலன் சிங்கர் கப்லான் என்ற நியூயார்க் மனநல மருத்துவர் 1970களில் இதைத்தான் வலியுறுத்தினார். இவர்களுக்குக் குறைவது மன உறுதி அல்ல, உச்சத்துக்கு முந்தைய உணர்வுகளின் அறிமுகம் என்பது அவர் கட்சி.

அது கைவந்த பிறகு எண்ணெயோ ஜெல்லோ தடவிக்கொண்டு அதே பயிற்சி. பிறகு மனைவியின் கையால்; போதும் என்று கணவர் சொன்னதும் அவர் நிறுத்த வேண்டும். பிறகு உறவு, ஆனால் அசைவு இல்லாமல்: மனைவி மேலிருக்க, உள்ளே வைத்துவிட்டு இருவரும் சும்மா இருப்பது. பிறகு மெல்லிய அசைவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓரிரு வாரம் என்று வைத்தால் மொத்தம் இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரக்காரர்கள் இரண்டாம் கட்டத்திலிருந்து நேராகக் கடைசிக்குத் தாவி, வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுவார்கள். அவசரம்தான் நோய் என்னும்போது இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

1970இல் மாஸ்டர்ஸும் ஜான்சனும் இதில் ஒரு மாற்றம் செய்தார்கள். நிறுத்தும் நேரத்தில் மனைவி உறுப்பின் முனைக்குக் கீழே விரல்களால் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். தங்கள் முறையில் தோல்வி 2 சதவீதத்தை ஒட்டியது மட்டுமே என்று அறிவித்தார்கள். உலகமே வியந்தது. அந்த எண்ணை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. அவர்களிடம் வந்தவர்கள் அவர்களுடைய மருத்துவமனை இருந்த செயிண்ட் லூயிஸுக்குப் பயணம் செய்து, இரண்டு வாரம் தங்கி, தினமும் சிகிச்சை எடுத்துக்கொள்ள வசதியும் ஆர்வமும் இருந்த ஜோடிகள். வெற்றிக்கு என்ன அளவுகோல் என்பதையும் அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை. வேறு இடங்களில் அதே முறையைப் பின்பற்றியவர்களுக்கு ஆரம்ப வெற்றி கிடைத்தது, ஆனால் சில ஆண்டுகளில் அதில் பெரும்பகுதி கரைந்துபோனது. பிற்காலத்தில் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தவர்கள் சொன்னதும் அடக்கமானதுதான்: நடத்தைப் பயிற்சி பலன் தருகிறது, ஆய்வுகள் சிறியவை, மருந்தோடு பயிற்சியும் சேரும்போது மருந்து மட்டும் எடுப்பதைவிட நன்றாக இருக்கிறது.

இடுப்படித் தசைகளுக்கு வருவோம். பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்குச் சொல்லித்தரப்படும் கீகல் பயிற்சி ஆண்களுக்கும் உண்டு. ரோமில் 40 பேருக்கு, ஆரம்பத்திலிருந்தே இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு, 12 வாரம் இதைக் கற்றுக்கொடுத்த ஆய்வு 2014இல் வெளியானது. சராசரி 31.7 நொடியிலிருந்து 146.2 நொடிக்கு உயர்ந்தது. 33 பேர் பலன் பெற்றார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு இது, ஆனாலும் அரை நிமிடம் இரண்டரை நிமிடமாவது சாமானியமல்ல. சிறுநீரைப் பாதியில் நிறுத்தும்போது எந்தத் தசை சுருங்குகிறதோ அதைக் கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொள்ள மட்டும்தான், சிறுநீர் கழிக்கும்போதே பயிற்சி செய்வது கூடாது. இங்கே பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. இறுக்குவது பயிற்சியில் பாதிதான். தளர்த்தக் கற்பது மறுபாதி. கிளர்ச்சி ஏறும்போது தன்னையறியாமல் தொடை, பிட்டம், அடிவயிறு எல்லாம் முறுக்கிக்கொள்வதும், மூச்சு நெஞ்சோடு நின்றுபோவதும் இவர்களிடம் சகஜம். பல்லைக் கடித்து இறுக்கிப் பிடி என்ற நண்பரின் யோசனை இதைத்தான் இன்னும் மோசமாக்குகிறது. கிளர்ச்சி ஏழை நெருங்கும்போது வயிறு வரை மூச்சை இழுத்து மெதுவாக விட்டு, அடித்தசைகளைத் தொங்கவிடுவதுதான் சரி.

யோகாவைப் பற்றி டெல்லியிலிருந்து ஓர் ஆய்வு 2007இல் வந்தது. 38 பேர் யோகா, 30 பேர் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை. யோகா செய்த எல்லோருக்கும் முன்னேற்றம் என்று அறிவித்தார்கள். எந்தக் குழு என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள் என்பதால், யோகாவில் ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்களே அந்தப் பக்கம் போயிருப்பார்கள். எனவே மாத்திரையை யோகா வென்றுவிட்டது என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். மூச்சையும் தசையையும் கவனிக்கப் பழகினால் உதவும் என்று மற்ற ஆய்வுகள் காட்டுவதோடு இது ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

மனைவிமார் என்ன சொல்கிறார்கள்? மெக்ஸிகோ, இத்தாலி, தென்கொரியா ஆகிய மூன்று நாடுகளில் 1,463 பெண்களிடம் கேட்ட ஆய்வு 2014இல் வெளியானது. இந்தத் தொல்லையில் உங்களை எது அதிகம் வருத்துகிறது என்று கேட்டதற்கு, நேரம் குறைவு என்றவர்கள் 39.9 சதவீதம். அதைவிட அதிகமாக, 47.6 சதவீதம் பேர் சொன்னது வேறு: அவர் தன் செயல்திறனிலேயே குறியாக இருக்கிறார், என் பக்கம் கவனமே இல்லை. வாய்ப்பாடு சொல்பவர் மனைவியை விட்டுத் தொலைவில் இருக்கிறார் என்பது மனைவிக்குத் தெரிகிறது! உறுப்பு நுழைவதால் மட்டும் உச்சமடையாத பெண்கள் ஏராளம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொண்டால், நிமிடக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழுவது எவ்வளவு வீண் என்பது புரியும். கைகளும் உதடுகளும் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டு, முடிந்த பிறகும் தொடர்ந்தால் பல வீடுகளில் புகாரே எழாது. பயிற்சிக் காலத்தில் சில வாரம் உறவே வேண்டாம், தொடுவது மட்டும் என்று சிகிச்சையாளர்கள் தடை போடுவது இதற்காகவும்தான். தோற்க எதுவும் இல்லாத இடத்தில் பதற்றத்துக்கும் வேலை இருக்காது.

இவ்வளவும் எளிய தமிழில் சொல்லக்கூடியவைதான். விஜய் டிவியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் நகைச்சுவையோடு பேசிய காலம் நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் நள்ளிரவு சேனல்களும் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களும் இன்னும் வேறொன்றைத்தான் விற்கின்றன. மாதத்தில் குறிப்பிட்ட தேதிகளில் லாட்ஜ் அறையில் முகாம் போடும் வைத்தியரிடம் ஒரு மண்டல லேகியத்துக்குப் பல்லாயிரம் கொடுத்து வருபவர்கள் படித்தவர்களிலும் உண்டு. பாலின்பத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டமே தடைசெய்கிறது என்பதை அந்தச் சேனல்கள் மறந்தே போய்விட்டன. அந்த வைத்தியத்தின் முதல் படி நோயாளியைப் பயமுறுத்துவது. இந்த நோயில் பயமுறுத்துவதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

மருந்து கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆரம்பத்திலிருந்தே அரை நிமிடத்தில் முடிகிறவருக்குப் பயிற்சி மட்டும் போதாமல் போகலாம். உறவுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் முன் எடுக்கும் டாபாக்ஸெட்டின், தினமும் எடுக்கும் பாராக்ஸெட்டின், உறுப்பின் முனையில் தடவும் மரப்பு மருந்து என்று வழிகள் உண்டு. எல்லாமே மருத்துவரைக் கேட்டு எடுக்க வேண்டியவை. தாமதப்படுத்தும் என்று கேள்விப்பட்டு டிரமடால் வலி மாத்திரையைத் தேடிப்போகிறவர்கள் அடிமைப்பழக்கத்தில் மாட்டுகிறார்கள். 2018 முதல் அது நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. மருத்துவர் தரும் மாத்திரையிலும், நிறுத்தினால் பலன் நின்றுவிடும். செலவு, பக்கவிளைவு, திட்டமிட்டு விழுங்க வேண்டிய எரிச்சல் என்று பலர் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை தரும் கூடுதல் நிமிடங்களைப் பயிற்சிக்களமாக்கி, நடு எண்களைக் கற்றுக்கொண்டு, பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் மாத்திரையைக் குறைப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. பல மருத்துவர்கள் இன்று செய்வதும் அதைத்தான்.

பழையபடி ஆவதற்குத் தயாராகவும் இருக்க வேண்டும். வேலை மாறும், குழந்தை பிறக்கும், கணவர் வெளியூரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருவார். மறுபடி நொடிகளில் முடியும். எல்லாம் போச்சு என்று கைவிடுபவர்களுக்குத்தான் முழுப் பலனும் கரைந்துபோகிறது. நல்ல சிகிச்சையாளர்கள் முடிக்கும்போதே இதற்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்: தொடர்ந்து சில முறை அப்படி ஆனால் உறவை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, வெறும் கையால் நிறுத்தித் தொடங்கும் முதல் கட்டத்துக்குத் திரும்புங்கள். இரண்டாம் முறை அது இரண்டு மூன்று மாதம் எடுப்பதில்லை. நடு எண்கள் ஏற்கெனவே தெரியும் என்பதால் பெரும்பாலும் சில வாரங்களே போதுமானதாக இருக்கிறது.